கருணை என்ற சொல்லை அடித்தவர்

அவர் கடை மேசையில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பேனா கிடக்கும். அதைக்கொண்டு அவர் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை, அடித்துத்தான் பார்த்திருக்கிறேன். நகலெடுக்க வரும் தாள் எதுவானாலும், இயந்திரத்தின் கண்ணாடிமேல் கவிழ்ப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவார். பிறர் தாளைப் படிப்பது முறையா என்று யாரேனும் கேட்டால், "கவுக்கறது நானு, கண்ணு என்னுது. மூடிக்கினு கவுக்க முடியுமா?" என்பார். படிப்பதோடு நிற்கவும் மாட்டார். அரசுப் படிவங்களில் 'பயனாளியின் பெயர்' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் முதற்சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'விண்ணப்பதாரர்' என்று திருத்திய பிறகே பொத்தானை அழுத்துவார்.

"இன்னும் ஒண்ணுமே கைக்கு வர்ல. அதுக்குள்ள இன்னா பயனு, இன்னா பயனாளி?"

படிவத்தைக் கொண்டுவந்தவர் பாவம், திருத்திய படிவத்தை அலுவலகத்தில் ஏற்பார்களோ மாட்டார்களோ என்று கலங்கி நிற்பார். ஏற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே யாரும் படிவத்தைப் படிப்பதில்லை என்பதே அதற்குக் காரணம் என்று பின்னால் விளங்கிற்று.

பாகூர்ப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு அலுவலகம் அது. எது என்று சொல்லப்போவதில்லை. அன்று அங்கிருந்தவர்களுள் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அதற்கு நேரெதிரே, சாலைக்கு இப்பால், தகரக் கூரையிட்ட சிறு கடை அவருடையது. ஊரார் ஜெராக்ஸ் அக்கா என்று அழைத்தார்கள். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவர் அதையும் அடித்துவிடுவார் என்பதால் விட்டுவிடுகிறேன். செலியமேட்டுக்காரர். மூன்று வயதில் வந்த போலியோ இரு கால்களின் வலிவையும் கொண்டுபோயிருந்தது. நாற்பதை ஒட்டிய வயதில், சக்கர நாற்காலியில் இருந்தபடியே கடையை ஒருவராக நடத்தினார். அந்த நாற்காலியை ஒருநாளும் நாற்காலி என்றதில்லை. 'என் வண்டி' என்பார். வலக்கைப் பிடியில் ஒரு சைக்கிள் மணியும் பொருத்தியிருந்தார்.

நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். பிரதோஷந்தோறும் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பதிகம் ஓதுவதும், ஓதியதற்குப் பொருள் எழுதி நகலெடுத்து அடியார்களுக்கு வழங்குவதும் ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த தொண்டு. அந்த நகலுக்காகத்தான் முதன்முதலில் அவர் கடைக்குப் போனேன். தாளைப் படித்து முடித்தவர் பேனாவை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இதுல நாங்க ரெண்டு தபா வர்றோம்."

"யாரம்மா?"

"காலு இல்லாதவன் ஒரு தபா, கண்ணு இல்லாதவன் ஒரு தபா. ரெண்டு தபாவும் உவமையாவே வர்றோம். நேரா ஒரு தபா வரமாட்டோமா?"

உயிரின் இயலாமையை விளக்க முன்னோர் காலந்தொட்டு அமைந்த உவமைகள் அவை. மரபு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை; முப்பது படி எடுத்து அடுக்கி ஓரம் தட்டிக் கொடுத்தார். அடுத்த பிரதோஷத்துக்கு அந்த இரண்டு உவமைகளையும் நீக்கிவிட்டுப் பொருள் எழுத முயன்றேன். அவை இருந்த இடம் பல் விழுந்த இடம்போல் நாவுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அங்கே எதை வைப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அலுவலகத்துக்கு முன்புறம் மூன்று படிகள். மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி உயரம். சான்றிதழ் வாங்கவோ, பிறருக்காக எழுதிய விண்ணப்பத்தைச் சேர்க்கவோ சாலையைக் கடந்து வருபவர் முதற்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி மணியடிப்பார். இரண்டு முறை, இடைவெளி விட்டு மூன்றாம் முறை. முன்மேசை எழுத்தர், முப்பது வயதுக்காரர், எழுந்து வெளியே வருவார்.

"இன்னா கா, கோயில் மணி மாரி அடிச்சிக்கினே கீற?"

"கோயில்ல அடிச்சா சாமியாவது எட்டிப் பாக்கும்னு ஒரு நம்பிக்க கீது தம்பி. இங்க நீதான் பாக்கணும்."

"அதான் வெளிய வந்து வாங்கிக்கினு போறேனே. உனக்கு இன்னா கொற?"

"நீ லீவு போட்டா?"

"வேற யாராவது வருவாங்க."

"அவுங்களுக்கு மனசு வராட்டி?"

எழுத்தர் சிரித்துக்கொண்டே தாளை வாங்கிப் போவார். அவர் நல்லவர். அலுவலகத்தில் எல்லோருமே அந்தப் பெண்மணியிடம் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவரை அரித்தது. உள்ளே போவதற்குத் தமக்கு ஒருவருடைய நல்ல மனம் தேவைப்படுவதை அவரால் ஏற்க முடியவில்லை. யாரும் தூக்காமல், யாரும் இரங்காமல், தாமே அந்த வாசலைக் கடக்கவேண்டும். அவர் விரும்பியது இவ்வளவே.

சட்டப் படிப்பு மாணவர் ஒருவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் தமிழாக்கத்தை நகலெடுக்க வந்திருக்கிறார். வழக்கம்போல் படித்துவிட்டுத் தமக்கும் ஒரு படி எடுத்துக்கொண்டார் இவர். மறுமுறை நான் போனபோது கடை மேசையில் பேனாவுக்கு அருகில் அது கிடந்தது.

"கவர்மெண்டு ஆபீஸு எல்லாத்தையும் எங்க வண்டி போறாப்போல மாத்தணுமாம் ஐயா. அஞ்சு வருசம் டைம் குடுத்துக்கீறாங்க. அதுவும் தாண்டிப்போச்சு. நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். அக்கலை எனக்குக் கைவந்தது. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, என் நிலையைத் திருவுளங்கொண்டு, கருணை கூர்ந்து, சாய்தளம் ஒன்று அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தேன். அவர் படித்தார். பேனாவை எடுத்தார். 'திருவுளங்கொண்டு' போயிற்று. 'தாழ்மையுடன்' போயிற்று. 'கருணை கூர்ந்து' என்ற இடத்தில் மட்டும் ஒருமுறைக்கு இருமுறை கோடிட்டார்.

"அம்மா, அதனினும் உயர்ந்த சொல் தமிழில் இல்லை" என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கவேண்டும்.

"சாமிகிட்ட சொல்லுங்க ஐயா, அங்க அது பொருத்தம். இவரு சம்பளம் வாங்கற ஆபீசரு."

"பின் எதைப் போடுவது?"

"கடமைன்னு போடுங்க. 'சட்டப்படி தங்கள் கடமை.' அவ்ளோதான்."

"அதிகாரிக்கு அது கடுமையாகப் படும்."

"படிக்கட்டு எனக்குக் கடுமையாத்தான் கீது."

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரட்டைக் கோடு கண்ணை விட்டு அகலவில்லை. பிரதோஷந்தோறும் நான் ஓதியது அந்த ஒரு சொல்லைத்தான். தகுதியில்லாதவனுக்கும் கேளாமல் வந்து சுரப்பது என்பதுதான் அதன் பெருமை என்று மேடையேறிச் சொன்னவன் நான். கேளாமல் வருவது, கேட்டபோது வராமலும் போகலாம் என்ற மறுபக்கம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

நான்கு மாதத்தில் சாய்தளம் வந்தது. அது வந்த விதத்தைச் சொல்லவேண்டும். மனுவில் 'சக்கர நாற்காலி' என்றுதான் எழுதியிருந்தேன். கோப்பு மேலிருந்து கீழே இறங்கும்போது சொற்கள் மெலிவது வழக்கம். முப்பதாண்டுகள் நானே மெலிவித்திருக்கிறேன். கடைசியில் வேலைக்கு வந்த கொத்தனார் கடைநிலை ஊழியரிடம், "இன்னாபா ஏறணும் இதுல?" என்று கேட்டிருக்கிறார். அக்காவின் வாயிலிருந்து கேட்டுப் பழகிய சொல்லையே அவரும் சொல்லியிருக்கிறார்: "வண்டி ஏறணும்பா."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சரிவு உண்டு. இரவில் மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காக, வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரிவரியாகக் கோடு கிழித்து, செங்குத்தாகக் கட்டுவது. அந்தக் கொத்தனார் நூற்றுக்கணக்கில் கட்டியவர். இதையும் அவ்வாறே கட்டிவிட்டார். ஒன்றரை அடி உயரத்துக்கு நான்கு அடி நீளம். பக்கத்தில் நீல வண்ணத்தில் நாற்காலிப் படம் வரைந்து 'மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம்' என்று எழுதியும் வைத்தார்கள். மறுநாளே வெயிலுக்கு அஞ்சி ஊழியர்கள் எல்லோரும் தத்தம் வண்டிகளை அதன்வழி ஏற்றித் தாழ்வாரத்து நிழலில் நிறுத்தலானார்கள்.

அக்கா அதில் ஏற முயன்ற அன்று நான் கடையில் இருந்தேன். பின்னுக்கு வந்து, வேகமெடுத்து, கைகளால் சக்கரத்தை உந்தினார். பாதிவரை ஏறியது. பிறகு வண்டி முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னே சரிந்தது. முழங்கையில் இரத்தம். நான் சாலையைக் கடந்து ஓடுவதற்குள் நால்வர் சூழ்ந்துவிட்டார்கள். விழுந்த இடத்திலேயே கிடந்தபடி தாழ்வாரத்தில் வரிசையாய் நின்ற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என் வண்டி ஒண்ண தவுர எல்லா வண்டியும் ஏறிக்கீதே!"

இரண்டாம் மனுவை என் உதவியின்றித் தாமே எழுதினார். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம், ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி என்று அளவோடு எழுதியிருந்தார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட நாளில் நேரில் விசாரணை. ஆஜராகத் தவறினால் மனு முடிக்கப்படும். இடம், அதே அலுவலகத்தின் முதல் மாடி.

அதில் நகைப்புக்கு இடமிருப்பதை அதை எழுதியவர் உணர்ந்திருக்கமாட்டார். விசாரணை என்றால் மாடி. அச்சிட்ட தாளில் தேதியை மட்டும் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த நாளில் அவர் மேலே தோன்றாவிட்டால், அலுவலகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு குறையே இல்லை என்று ஆகிவிடும்.

அவருக்குத் துணையாகப் போனேன். வாசற்படிகளுக்குக் கீழே வண்டி நின்றது. நான்கு ஊழியர்கள் உண்மையான அன்போடு வந்தார்கள்.

"அக்கா, வண்டியோட அப்டியே தூக்கிக்கினு போயிடறோம். ரெண்டு நிமிசம்."

"வேணாம்பா."

"வெயிட்டெல்லாம் ஒண்ணுமில்ல கா."

"எங்கம்மாவும் அப்டிதான் சொல்லிச்சு. அஞ்சாவது வரிக்கும் இடுப்புல வச்சி இஸ்கூலுக்குத் தூக்கிக்கினு போச்சு. மழையில வரப்புல வழுக்கி வுழுந்துது. நான் மேல, அது கீழ. அதோட அதுக்கு இடுப்பு போச்சு, எனக்கு இஸ்கூலு போச்சு." சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்து, கடிந்து பேசாமல், "ஆபீசர கீழ வரச் சொல்லுங்க" என்றார்.

அதைச் சொல்ல நான் மேலே போனேன்.

அதிகாரி பக்தர். என் ஓதுதலைக் கேட்க மனைவி மக்களோடு வருபவர். எழுந்து நின்று என்னை அமரவைத்தார். கீழே வரலாம்தான், ஆனால் பதிவேடு மாடியில், மற்ற மனுக்காரர்கள் மாடியில், வழக்கத்தை மாற்றினால் நாளை எல்லோரும் கேட்பார்கள் என்றார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஐயா, இப்போ 'வரவில்லை'ன்னு போட்டா மனு க்ளோஸ். எனக்கே மனசு ஒப்பல. நீங்க அவுங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுடுங்க. 'உரிய நடவடிக்கை எடுக்க உறுதியளிக்கப்பட்டது, மனுதாரர் ஏற்றுக்கொண்டார்'னு எழுதிடறேன். அடுத்த வருசம் கட்டாயம் மாத்திக் கட்டறேன். நான் சொன்னா நம்பமாட்டீங்களா?"

நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். வெயிலில் காத்திருக்கும் ஒருவருக்கு நன்மை செய்கிறோம் என்ற நிறைவோடு 'மனுதாரருக்காக' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

கீழே வந்து சொன்னதும் அவர் முகத்தில் சினம் வரவில்லை. "இன்னா எழுதிக்கீது? அப்டியே சொல்லுங்க" என்றார். சொன்னேன். 'ஏற்றுக்கொண்டார்' என்ற சொல்லை மறுமுறையும் சொல்லச் சொன்னார்.

"யாரு ஏத்துக்கினது ஐயா?"

நான் மாடிப் பக்கம் பார்த்தேன்.

"நான் கீழ கீறேன். மேல ஏத்துக்கினது யாரு?"

வண்டியைத் திருப்பி, சாலையைக் கடந்து கடைக்குப் போய்விட்டார்.

பத்து நாள் அந்தப் பக்கமே நான் செல்லவில்லை. ஓதும்போது அடிகள் மறந்தன. ஒன்றின் இறுதியோடு வேறொன்றின் தொடக்கம் ஒட்டிக்கொண்டது. பதினோராம் நாள் போனபோது ஒரு தாளை நீட்டினார். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையருக்கு அவர் எழுதிய முறையீடு. முதல் எதிர்மனுதாரர் அதிகாரி. இரண்டாம் எதிர்மனுதாரர் நான்.

"இது உங்க காப்பி ஐயா. தபால்லயும் வரும். முன்னாடியே தெரிஞ்சிக்கினா நல்லதுன்னு குடுத்தேன். குந்துங்க, டீ சொல்றேன்."

தேநீரைக் குடித்தபடி என்மீதான முறையீட்டை அவர் கடையிலேயே படித்தேன். ஒரு வசைச்சொல் இல்லை. 'மனுதாரரின் அனுமதியின்றி அவருக்காகக் கையொப்பமிட்டவர்' என்ற ஒரே வரி. அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

என் விளக்கத்தை எழுத மூன்று நாளாயிற்று. முதல் வரைவில் 'இரக்க மிகுதியால்' என்று எழுதி, நானே அடித்தேன். இரண்டாவதில் 'நன்னோக்கத்துடன்', அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் மாலை அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவும் இல்லை.

"ஐயா, அனுமதி இல்லாம போட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்தா எனக்கு மெமோ வரும். பிரமோஷன் லிஸ்ட்ல இருக்கேன். உங்களுக்குத் தெரியாததா? அவுங்க வாய்மொழியா ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரியை எழுதினால், 'ஏற்றுக்கொண்டார்' என்று முடித்துவைத்த மனு முடிந்ததாகவே நிற்கும். எழுதாவிட்டால் எனக்கு என்றும் தீங்கு நினைக்காத ஒருவருக்குத் தீங்கு. அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து யோசித்தேன் என்பதை எண்ணினால் இப்போதும் கூசுகிறது. பின்பு உள்ளே போய், 'எனக்கு அதிகாரம் இல்லை; மனுதாரர் எதையும் ஏற்கவில்லை' என்ற இரண்டு வாக்கியங்களை எழுதிக் கையொப்பமிட்டு, அவரிடமே காட்டினேன். படித்துவிட்டுக் கைகூப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் ஓதுதலுக்கு வந்ததில்லை. அவர் மனைவி மட்டும் எப்போதாவது வந்து, தூணோரம் நின்று, முடியுமுன் போய்விடுவார்.

மனு மீண்டும் திறக்கப்பட்டது. மறு விசாரணையைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு நடத்தினார்கள். அதற்காக மோட்டார் சைக்கிள்கள் வெளியேறின. ஆணை வந்தது. பழைய சரிவை உடைத்து, பதினெட்டடி நீளத்தில், நடுவே ஒரு திருப்பமும் இருபுறமும் கைப்பிடிக் குழாயும் வைத்துப் புதிதாய்க் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பொன்னாடையும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். முதலில் ஏறவேண்டியவர் மட்டும் வரவில்லை. சாலைக்கு அப்பால் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஆளனுப்பினார். "கூட்டமா கீது, இப்ப வர முடியாது" என்று பதில் வந்தது. கடையில் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதற்கிடையில் அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. நான் கேட்கவுமில்லை. கேட்டால் 'மன்னிப்பு' என்ற சொல்லை என்ன செய்வாரோ என்ற அச்சம். என் பொருளுரைத் தாள்களை முன்போலவே படித்து, முன்போலவே அடுக்கி, ஓரம் தட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் ஓதும்போது அந்த ஒரு சொல் வரும் இடத்தில் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. இறைவனிடம் கேட்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆயினும் தயங்குகிறது.

விழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை, நில வரைபட நகலுக்காக நான் அந்த அலுவலக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். வாசலில் நிழலாடியது. அவர் தாமாகவே ஏறி, திருப்பத்தில் ஒருமுறை மூச்சு வாங்கி, உள்ளே வந்து, என் பின்னால் வண்டியை நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை. முன்னால் நின்ற பெண்ணொருத்தி, "அக்கா, நீ முன்னாடி போ கா" என்றாள். "நீ எனக்கு முன்னால வந்தவ. நீ போ" என்றார்.

முக்கால் மணி நேரமாயிற்று. மின்விசிறி ஓடவில்லை. என் வேலை முடிந்து ஒதுங்கி நின்றேன். அவர் முன்மேசைக்கு வந்தார். அதே எழுத்தர், தலை நிமிரவில்லை.

"இன்னா வேணும்?"

"இருப்பிடச் சான்று."

"போட்டோ எங்க?"

"எடுத்தாரல."

"ரெண்டு போட்டோ வேணும். நாளைக்கு வாங்க. அடுத்தது யாருபா?"

காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரல், அதே சலிப்பு. எனக்குச் சுருக்கென்றது, குறுக்கிட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்த முகத்தில் அப்படியொரு நிறைவை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"நாளைக்கு எத்தினி மணிக்கு தம்பி?"

"பத்துக்கு. லேட்டா வந்தா லைன்ல நிக்கணும்."

"நிக்கறேன்" என்றார்.